ஜான் செல் காட்மன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யார் இந்தக் காட்மன்?

நீர்வண்ண ஓவியர். கிழக்கு இங்கிலாந்தில் உள்ள நாரிச் நகரத்துக்காரர். 1782 மே 16 அன்று பிறந்தார். அப்பாவுக்கு முடிதிருத்தும் தொழில். பதினாறு வயதில் லண்டனுக்குப் போய், ருடால்ஃப் ஆக்கர்மன் என்பவரின் அச்சுப்படக் கடையில் படங்களுக்குக் கையால் வண்ணம் பூசும் கூலி வேலையில் சேர்ந்தார். அங்கிருந்து டாக்டர் தாமஸ் மன்ரோ வீட்டுக்குப் பழக்கம் ஏற்பட்டது. இளம் ஓவியர்களைக் கூப்பிட்டுத் தம்மிடம் இருந்த படங்களைப் பார்த்து வரையச் சொல்லி, அதற்குக் காசும் கொடுத்தவர் மன்ரோ. சில வருடங்களுக்கு முன்னால் ஓவியர்கள் டர்னரும் கிர்ட்டினும் உட்கார்ந்து கைபழகிய இடம் அது. 1800-இல் காட்மனின் படங்கள் ராயல் அகாடமி கண்காட்சியில் தொங்கின. அப்போது அவருக்கு வயது பதினெட்டு. அதன்பின் நாரிச், கிரேட் யார்மத், மறுபடி நாரிச், கடைசியில் மறுபடி லண்டன் என்று வாழ்ந்து, 1842 ஜூலை 24 அன்று இறந்தார்.

டர்னர், கான்ஸ்டபிள் காலத்தவர்தானே? அவர்கள் பெயர் தெரிகிற அளவுக்கு இவர் பெயர் ஏன் தெரியவில்லை?

காரணம் ஒன்று அல்ல. அவருடைய மிகச் சிறந்த படங்கள் சின்ன அளவிலான நீர்வண்ணப் படங்கள். பெரிய எண்ணெய் ஓவியத்தைப் போல எப்போதும் சுவரில் தொங்க விட முடியாது, வெளிச்சம் பட்டால் கெட்டுவிடும். ஆகவே வருடத்தில் பெரும்பகுதி பெட்டிக்குள்தான் இருக்கும். அடுத்தது, 24 வயதில் லண்டனை விட்டுச் சொந்த ஊருக்குத் திரும்பிவிட்டார். வாங்குபவர்களும் விமர்சகர்களும் இருந்தது லண்டனில். மூன்றாவதாக, வயிற்றுப்பாட்டுக்காக ஓவிய வாத்தியாராகவும், பழைய தேவாலயங்களைச் செப்புத் தகட்டில் செதுக்குபவராகவும் முப்பது வருடத்துக்கு மேல் கழித்தார்.

இவை எல்லாவற்றையும் விட முக்கியமாக நாம் நினைப்பது இன்னொன்று. 1805 முதல் 1810 வரை அவர் தீட்டிய விதம் அன்றைய வாடிக்கையாளருக்கு முடிக்காத படம் போலத் தெரிந்தது. இலைக்கு இலை, கல்லுக்குக் கல் எதிர்பார்த்தவர்களுக்கு அவர் கொடுத்தது சில தட்டையான வண்ணப் பரப்புகள். இருபதாம் நூற்றாண்டில் கண்கள் வேறு மாதிரிப் பழகிய பிறகுதான் அந்தப் படங்களின் விலையும் மதிப்பும் ஏறின. 1922-இல் லண்டன் டேட் காலரியில் அவருக்கென்று தனிக் கண்காட்சி நடந்தது.

ஒரே ஒரு படம் பார்க்க வேண்டுமென்றால் எது?

பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ள ‘கிரீட்டா பாலம்’, 1805. சுமார் 23 செ.மீ. உயரம், 33 செ.மீ. அகலம்; ஒரு ஏ4 தாளை விடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான்.

வட இங்கிலாந்தில் கிரீட்டா ஆற்றின் மேலுள்ள பாலம் நடுவில், ஒற்றை வளைவு. யார்க் நகரத்துக் கட்டடக் கலைஞர் ஜான் கார் வடிவமைத்தது. காட்மன் போனபோது கட்டி முப்பது வருடம் ஆகியிருந்தது. பாலத்தையொட்டி விடுதிக் கட்டடம். பின்னால் மரங்கள், முன்னால் ஆற்றுக்குள் உருண்டைப் பாறைகள், அசையாத தண்ணீர். படத்தை அகலத் திரையில் திறந்து மரங்கள் இருக்கும் இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். இலை என்று எதுவும் கிடையாது. ஒரு பழுப்புப் பச்சைப் பரப்பு, அதன்மேல் அதைவிட அடர்ந்த இன்னொரு பரப்பு, இரண்டுக்கும் விளிம்பு கத்தரித்தது போலக் கூர்மை. மேகமும் அப்படியே: வெள்ளை என்பது பூசிய வண்ணம் அல்ல, தாளை அப்படியே விட்டிருக்கிறார். நிழலைக்கூட அவர் ஒரு பொருளாகவே நடத்துகிறார். அதற்கும் எல்லைக்கோடு உண்டு, வடிவம் உண்டு.

அடுத்து அதே மியூசியத்தில் உள்ள ‘டங்கம் பூங்காவின் தொங்கு தடுப்பு’. ஓடைக்குக் குறுக்கே ஆடுமாடு போகாமல் இருக்கத் தொங்கவிட்ட மரச் சட்டம்தான் பொருள். மலை, அருவி, பாழடைந்த மடம் என்று ஓவியர்கள் அலைந்த காலத்தில் இதை ஒருவர் வரைந்தார் என்பதே ஒரு துணிச்சல். விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்தில் உள்ள ‘சர்க் நீர்ப்பாலம்’ மூன்றாவது; உயரமான வளைவுகளும் அவற்றின் நிழலும் தவிர அதில் பெரிதாக ஒன்றும் இல்லை.

கிரீட்டா படங்களை ஆற்றங்கரையில் உட்கார்ந்தே தீட்டினாரா?

இதில் ஆய்வாளர்களுக்குள் ஒருமித்த முடிவு இல்லை. நடந்தது இது. 1803 முதல் 1805 வரை மூன்று கோடைகளில் யார்க்‌ஷயர் போனார். பிராண்ட்ஸ்பி என்ற ஊரில் சம்லி குடும்பத்தின் வீட்டில் தங்கி அந்த வீட்டுப் பெண்களுக்கு ஓவியம் சொல்லிக் கொடுத்தார். 1805 கோடையில் அந்தக் குடும்பத்து நண்பர் மாரிட்டின் ரோக்பி மாளிகைக்குப் போய், பிறகு கிரீட்டா பாலத்து விடுதியில் தங்கினார். அந்த வருடம் இயற்கையைப் பார்த்தே வண்ணம் தீட்டுவதுதான் தன் முக்கிய வேலையாக இருந்தது என்று கடிதத்தில் எழுதியிருக்கிறார். ஆனால் சில படங்களின் ஒழுங்கையும் சுத்தத்தையும் பார்த்தால், களத்தில் பென்சில் வரைவும் வண்ணக் குறிப்பும் எடுத்து, அறையில் உட்கார்ந்து முடித்தது போலத்தான் இருக்கிறது. ஒரு வாஷ் (நீரில் கரைத்த வண்ணப் பூச்சு) முழுக்கக் காய்ந்த பிறகுதான் அடுத்தது என்பது அவர் முறை; ஆற்றங்கரை ஈரக்காற்றில் அப்படி நான்கைந்து அடுக்கு ஏற்ற வெகுநேரம் பிடிக்கும். இரண்டும் கலந்து நடந்திருக்கும் என்பதே நம் கட்சி.

அந்தத் தட்டையான வாஷை நாமும் போட்டுப் பார்க்கலாமா? படிப்படியாகச் சொல்லுங்கள்.

தாராளமாக. அவருடைய படத்தைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி இல்லை.

தாள்: சதுர மீட்டருக்கு 300 கிராம் கனமுள்ள, நூறு சதவீதம் பருத்தியில் செய்த கோல்டு பிரஸ் (லேசான சொரசொரப்புள்ள) தாள். மரக்கூழில் செய்த மாணவர் தாளில் இது வராது. வண்ணம் ஓரிடத்தில் உறிஞ்சப்பட்டுத் திட்டுத் திட்டாக நிற்கும். தாளை ஐந்து நிமிடம் தண்ணீரில் ஊறவைத்து, பலகையில் விரித்து, நான்கு பக்கமும் தண்ணீர் தொட்டு ஒட்டும் பழுப்புக் காகித டேப்பால் ஒட்டி, படுக்கை வாட்டிலேயே காயவிடுங்கள். மறுநாள் பறைத்தோல் போல விறைப்பாக இருக்கும்.

பென்சில்: 2பி. முதலில் பொருளின் வெளிக்கோடு. பிறகு வெளிச்சமும் நிழலும் சந்திக்கும் எல்லைகள். இந்த இரண்டாவது பகுதியைத்தான் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள். மரத்துக்குள் எத்தனை நிழல் வடிவங்கள், ஒவ்வொன்றும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பென்சிலிலேயே தீர்மானித்துவிட வேண்டும். ரப்பரை அழுத்தித் தேய்க்கக் கூடாது. தாளின் மேற்பூச்சு கிழிந்தால் அந்த இடத்தில் வாஷ் கறுத்துப் போகும்.

கலவை: ஒரு பரப்புக்கு எவ்வளவு தேவை என்று தோன்றுகிறதோ அதில் இரண்டு மடங்கு கரையுங்கள். 23 × 33 செ.மீ. தாளில் வானத்துக்கு இரண்டு தேக்கரண்டி, அதாவது சுமார் 10 மில்லி, போதும். கிண்ணத்தில் கரைத்துக்கொள்ளுங்கள், தட்டில் வேண்டாம். பாதியில் தீர்ந்து மறுபடி கலந்தால் அதே நிறம் வரவே வராது. காய்ந்ததும் நிறம் வெளிறும் என்பதால், ஈரத்தில் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும் அளவுக்குக் கலக்க வேண்டும். ஓரத்துண்டுத் தாளில் தீற்றிக் காயவைத்துப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

வாஷ்: பலகையின் தலைப்பக்கத்தை ஒரு செங்கல் அளவுக்குத் தூக்கி, சுமார் 15 டிகிரி சாய்வு வையுங்கள். 12 அல்லது 14 எண் உருண்டை பிரஷ். மேலே இடமிருந்து வலமாக ஒரு கோடு. அதன் கீழ் விளிம்பில் வண்ணம் குளம் கட்டி நிற்கும். அடுத்த கோட்டை அந்தக் குளத்தைத் தொட்டு இழுங்கள். இப்படியே குளத்தைக் கீழே நகர்த்திக்கொண்டு போய், கடைசியில் மிஞ்சியதைப் பிழிந்த பிரஷால் உறிஞ்சி எடுங்கள். மேலே திரும்பிப் போகவே கூடாது.

காயவிடுதல்: புறங்கையைத் தாளுக்கு அருகில் கொண்டுபோங்கள். குளிர்ச்சி தெரிந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது என்று பொருள்.

பிறகு அடுக்கு: முதல் வாஷ் மிக வெளிறியது, விட வேண்டிய வெள்ளையைத் தவிர எல்லா இடத்திலும். இரண்டாவது நடுத்தரம், பென்சிலில் குறித்த நிழல் வடிவங்களுக்குள் மட்டும். மூன்றாவது அடர்ந்தது, மிகச் சில இடங்களில். நான்காவது தேவைப்பட்டால் பிரஷ் நுனியால் இரண்டு மூன்று தொடுப்புகள். இதற்கு மேல் போனால் அது காட்மன் அல்ல.

செய்து பார்த்தோம், சரியாக வரவில்லை. எங்கே தவறுகிறது?

அதிகம் பார்க்கும் கோளாறுகள் இவை.

காலிஃபிளவர் பூ மாதிரிக் கறை: பாதி காய்ந்த வாஷில் அதைவிட ஈரமான பிரஷ் பட்டால், தண்ணீர் உள்ளே பாய்ந்து வண்ணத்துகளை விளிம்புக்குத் தள்ளும். கீழ் விளிம்பில் தேங்கிய குளத்தை எடுக்காமல் விட்டாலும், அது மேல்நோக்கி ஊர்ந்து இதே கறை வரும். வந்துவிட்டால் தொடாதீர்கள், முழுக்கக் காயவிட்டு யோசியுங்கள்.

அடி வாஷ் கரைந்து கலங்குதல்: இன்றைய டியூப் வண்ணங்களில் உலராமல் இருக்கத் தேன் அல்லது கிளிசரின் சேர்க்கிறார்கள். மேலே தேய்த்தால் அடியில் உள்ளது எழுந்து வந்துவிடும். மென்மையான பிரஷ், ஒரே இழுப்பு. அதே இடத்தில் இரண்டாம் தடவை போகாதீர்கள்.

பக்கத்துப் பக்கத்து வண்ணங்கள் ஒன்றுக்குள் ஒன்று ஓடுதல்: காயும்வரை பொறுமை இல்லையென்றால், இரண்டுக்கும் நடுவே அரை மில்லிமீட்டர் உலர்ந்த தாளை விட்டுவிடுங்கள். அந்த வெள்ளை இழை பளிச்சென்று நன்றாகவும் இருக்கும்.

எல்லாம் சரியாக இருந்தும் படம் செத்துக் கிடக்கிறது என்றால், கோளாறு வாஷில் இல்லை, பென்சில் வரைவில் இருக்கிறது. பெரிய வடிவமும் சிறிய வடிவமும் கலந்து இல்லாமல் எல்லாமே ஒரே அளவாகப் போயிருக்கும்.

அவர் காலத்தில் என்ன வண்ணங்கள் இருந்தன? இன்று எதை வாங்குவது?

டியூப் கிடையாது. சதுரக் கட்டிகள், தண்ணீர் தொட்டுத் தட்டில் உரசிக் கரைப்பார்கள். ரீவ்ஸ் சகோதரர்களின் கட்டிகளுக்கு 1781-இல் கலைச் சங்கத்தின் வெள்ளிப் பரிசு கிடைத்தது. அதற்குப் பிறகுதான் வண்ணப் பெட்டியோடு ஊர் சுற்றுவது எளிதானது. அன்றைய நிலக்காட்சி ஓவியரின் பெட்டியில் அவுரி நீலம், பிரஷ்யன் நீலம், மஞ்சள் காவி, காம்போஜ் மஞ்சள், இளஞ்சிவப்புக் காவி, சுட்ட சியன்னா, சுட்ட அம்பர் (இரண்டும் பழுப்பு மண் வண்ணங்கள்), கறுப்பு ஆகியவை இருக்கும். அவுரி அப்போது பெரும்பாலும் வங்காளத்திலிருந்து கப்பலேறிப் போய்க்கொண்டிருந்தது.

இன்று ஐந்து போதும்: பிரஷ்யன் நீலம், மஞ்சள் காவி, இளஞ்சிவப்புக் காவி, சுட்ட சியன்னா, ஒரு கறுப்பு. கடையில் ‘இண்டிகோ’, அதாவது அவுரி, என்று விற்கும் டியூப் பெரும்பாலும் வேறொரு நீலமும் கறுப்பும் கலந்தது. பயன்படுத்தத் தடையில்லை, வெளிறாது என்பது கூடுதல் லாபம்.

சில படங்களில் வானமே செம்பழுப்பாக இருக்கிறது. அந்திப் பொழுதா?

பல சமயம் இல்லை. வெளிச்சத்தில் நீலம் போய்விட்டது, அவ்வளவுதான். சாம்பல் மேகத்துக்கு அவுரியும் இளஞ்சிவப்புக் காவியும் கலப்பது அன்றைய வழக்கம். காவி மண், அதற்கு ஒன்றும் ஆகாது. அவுரி செடிச் சாயம், வெயிலில் வெளிறும். ஐம்பது வருடம் ஜன்னலோரச் சுவரில் தொங்கினால் மேகம் ரோஜா நிறமாகும். மரங்களும் தப்பாது. அவுரி கலந்த பச்சையில் நீலம் போனால் பழுப்பு மிஞ்சும். காம்போஜ் கலந்த பச்சையில் மஞ்சள் போனால் நீலம் தூக்கலாகும்.

இதை 1888-இல் ரஸ்ஸல், ஆப்னி என்ற இருவரும் பிரிட்டிஷ் அரசுக்காகச் சோதித்து அறிக்கை கொடுத்தார்கள். மியூசியங்கள் நீர்வண்ணப் படங்களை 50 லக்ஸ் என்ற மங்கலான வெளிச்சத்தில், சில மாதங்கள் மட்டும் காட்டிவிட்டுப் பெட்டிக்குள் வைப்பது இதனால்தான். வெளிறியதா என்று கண்டுபிடிக்க ஒரு வழி: சட்டத்தைக் கழற்றும்போது அட்டை மறைத்திருந்த ஓரத்தைப் பாருங்கள். அந்த அரை சென்டிமீட்டர் பட்டையில் பழைய நிறம் அப்படியே இருக்கும். காட்மன் ‘பழுப்பு ஓவியர்’ என்ற பேச்சைக் கேட்டால், முதலில் எந்தப் படத்தை வைத்துச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள்.

நாரிச் ஓவியர்கள் என்று ஒரு கூட்டம் உண்டாமே?

1803-இல் ஜான் குரோமும் ராபர்ட் லாட்புரூக்கும் தொடங்கிய சங்கம். 1805 முதல் வருடாந்திரக் கண்காட்சி. லண்டனுக்கு வெளியே இப்படித் தொடர்ந்து நடந்த முதல் கண்காட்சி இதுதான். காட்மன் 1806 கடைசியில் ஊர் திரும்பி, 1807-இல் சேர்ந்தார். 1808-இல் மட்டும் 67 படங்கள் வைத்தார். 1811-இல் தலைவர். 1831-இல் மறுபடி தலைவரானார்; அவர் தலைமையிலேயே 1833-இல் சங்கம் மூடப்பட்டது. குரோம் எண்ணெய் வண்ணக்காரர், ஹாலந்து ஓவியர்களின் வழி வந்தவர். இருவரையும் ஒரே பள்ளி என்று கட்டி வைப்பது ஊர்ப்பற்று. படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒற்றுமை அதிகம் தெரியாது.

ஓவியங்களை வாடகைக்கு விட்டார் என்பது உண்மையா?

உண்மை. 1809 ஜனவரியில் ஆன் மைல்ஸைத் திருமணம் செய்துகொண்டார். குடும்பச் செலவு வந்தது. அதே வருடம் ஒரு சுற்றும் நூலகம் தொடங்கினார், புத்தகத்துக்குப் பதில் படங்கள். சுமார் 600 வரைபடங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு கினி, அதாவது 21 ஷில்லிங், சந்தா. எடுத்துப் போய்ப் பார்த்து வரைந்து பழகிவிட்டுத் திருப்பித் தர வேண்டும். பல படங்களின் மேலேயே எண் எழுதியிருப்பது இந்த ஏற்பாட்டின் மிச்சம். பயிற்சிக்காக என்று வேகமாகச் செய்த தாள்களும் இதில் சேர்ந்துவிட்டதால், காட்மன் பெயரில் தரம் ஏறி இறங்கும் ஏராளமான படங்கள் புழங்குகின்றன. நமக்கு ஒரு நன்மையும் உண்டு: என்னென்ன வரைந்தார் என்பதற்கு அந்த எண்கள் ஒரு பட்டியல் மாதிரி உதவுகின்றன.

1812-இல் யார்மத்துக்கு ஏன் போனார்?

சம்பளத்துக்கு. டாசன் டர்னர் என்பவர் அங்கே வங்கி நடத்தியவர், கடற்பாசி ஆராய்ந்த தாவரவியலாளர், பழம்பொருள் ஆர்வலர். ஓவியர் டர்னருக்கு உறவில்லை. கியூ தாவரவியல் பூங்காவின் இயக்குநராக வந்த வில்லியம் ஜாக்சன் ஹூக்கர் இவருடைய மருமகன். வருடத்துக்கு 200 பவுண்டு. வேலை, வீட்டுப் பெண்களுக்கு ஓவியம் கற்றுக் கொடுப்பதும், டர்னரின் ஆய்வுகளுக்குப் படம் செதுக்குவதும். காட்மனுக்கு முன் அந்த வீட்டு வாத்தியார் குரோம்.

அடுத்த பத்து வருடத்தில் செப்புத் தகடுகள் குவிந்தன. 1818-இல் நார்ஃபோக் மாவட்டக் கட்டடங்கள், 60 தகடுகள். நார்மண்டிக்கு 1817, 1818, 1820 என மூன்று பயணம் போய், 1822-இல் நார்மண்டிக் கட்டடங்கள், 100 தகடுகள், உரை டர்னருடையது. கட்டட வரலாற்றுக்கு இவை பொக்கிஷம். காட்மனுக்குக் கையில் காசு நிற்கவில்லை, நீர்வண்ணத்துக்கு நேரமும் இல்லை. டர்னர் அவரைச் சுரண்டினார் என்று எழுதுகிறவர்கள் உண்டு. அந்த 200 பவுண்டு இல்லாவிட்டால் குழந்தைகளோடு அவர் என்ன செய்திருப்பார் என்பதையும் சேர்த்து எழுதினால் கணக்கு நேராகும்.

அவருடைய எட்சிங்கில் இரண்டு வகை என்கிறார்களே?

செப்புத் தகட்டை அமிலத்தால் அரித்து அச்செடுப்பதே எட்சிங். அதில் கெட்டிப் பூச்சு, மென் பூச்சு என்று இரண்டு.

கெட்டிப் பூச்சில் மெழுகு, நிலக்கீல், பிசின் கலந்து சூடான செப்புத் தகட்டில் மெல்லிதாகப் பூசி, மெழுகுவர்த்திப் புகையில் கறுப்பாக்குவார்கள். ஊசியால் கீறினால் செம்பு பளிச்சென்று தெரியும். தகட்டை அமிலத்தில் போட்டால் கீறிய இடம் மட்டும் அரிக்கும். வெளிறிய கோடு போதும் என்கிற இடங்களைச் சில நிமிடத்தில் வெளியே எடுத்து வார்னிஷ் பூசி மூடிவிட்டு, மற்றவற்றை மறுபடி அமிலத்தில் இடுவார்கள். நார்ஃபோக், நார்மண்டிக் கட்டடப் படங்கள் இந்த வகை. இத்தாலிய எட்சிங் கலைஞர் பிரானேசியின் ரோமாபுரிப் படங்களை அவர் ஊன்றிப் பார்த்திருப்பது தெரியும்.

மென் பூச்சில் அதே கலவையோடு விலங்குக் கொழுப்பு சேர்ப்பார்கள். வெயில் காலத்தில் குறைவாக, குளிரில் கூடுதலாக. தகட்டின்மேல் மெல்லிய தாளைப் போட்டு அதில் பென்சிலால் வரைய வேண்டும். தாளைத் தூக்கினால் பென்சில் அழுத்திய இடத்துப் பூச்சு தாளோடு வந்துவிடும். அச்சில் பென்சில் கோட்டின் சொரசொரப்பு அப்படியே விழும். கை தாளில் பட்டால் அந்த இடமும் கறை. அதனால் தகட்டுக்கு மேல் ஒரு பலகைப் பாலம் வைத்துக் கையை அதில் ஊன்றுவார்கள். கொழுப்பு அதிகமானால் தொட்ட இடமெல்லாம் ஒட்டும், குறைந்தால் கோடே விழாது.

இந்த மென் பூச்சுத் தகடுகளை 1838-இல் ‘லைபர் ஸ்டூடியோரம்’ என்ற பெயரில் ஹென்றி போன் வெளியிட்டார். கட்டடப் படங்களை விட இவற்றில்தான் 1805-இன் காட்மன் எட்டிப் பார்க்கிறார்.

பிற்காலப் படங்களில் அடர்ந்த நீலமும் சிவப்பும் ஏன்?

சந்தை மாறிவிட்டது. 1820-களுக்குப் பிறகு நீர்வண்ணப் படம் எண்ணெய் ஓவியத்தோடு சுவரில் போட்டிபோட வேண்டியிருந்தது. 1825-இல் லண்டன் நீர்வண்ணச் சங்கத்தின் இணை உறுப்பினரானதும் அந்தக் கண்காட்சிகளுக்கு ஏற்ப வண்ணத்தை ஏற்றினார். சுமார் 1830 முதல் வண்ணத்தில் மாவுப் பசை கலந்தார். பசை கலந்தால் வண்ணம் சட்டென்று ஓடாது. ஈரமாக இருக்கும்போதே பிரஷால் வாரி இழுக்கலாம், துடைத்து எடுக்கலாம், தடித்து நிற்கும். வீட்டில் செய்து பார்க்க, ஒரு தேக்கரண்டி அரிசி மாவை எட்டுத் தேக்கரண்டி தண்ணீரில் கரைத்துக் காய்ச்சி, துணியில் வடிகட்டி, ஆறியதும் வண்ணத்தோடு சரிபாதி கலந்தால் போதும். அன்றன்றைக்குச் செய்யுங்கள், மறுநாள் புளித்துவிடும். கனமாகப் பூசினால் காய்ந்து வெடிக்கும்.

இந்தக் காலப் படங்கள் எல்லாமே நம் ரசனைக்குப் பிடித்தவை அல்ல. மலையும் கோட்டையும் நாடகத் திரை போல ஆகிவிடும் இடங்கள் உண்டு. கடல் படங்கள் விதிவிலக்கு.

எண்ணெய் வண்ணத்தில் தீட்டவில்லையா?

தீட்டினார், குறைவாக. நாரிச் கோட்டை மியூசியத்தில் உள்ள ‘சாமான் வண்டி’ நல்ல உதாரணம்.

லண்டன் கடைசி வருடங்கள்?

1834 ஜனவரியில் கிங்ஸ் காலேஜ் பள்ளியின் ஓவிய ஆசிரியராகத் தேர்வானார், ஆண்டுக்கு 100 பவுண்டு. நாரிச்சில் கடன், வீட்டுச் சாமானும் படங்களும் ஏலத்துக்குப் போயின. மூத்த மகன் மைல்ஸ் எட்மண்ட் உதவி ஆசிரியர். மாணவர்கள் பார்த்து வரைய வீட்டிலேயே குடும்பமாகப் படங்கள் தயாரித்தார்கள். அந்த மாணவர்களில் ஒருவர் பின்னாளில் ஓவியரும் கவிஞருமான தாந்தே கேப்ரியல் ரோசெட்டி. மனச்சோர்வு வாழ்நாள் முழுக்க வந்து வந்து போனது. கடிதங்களில் தெரிகிறது, மகன் ஜான் ஜோசப்புக்கும் அது இருந்தது.

1841 இலையுதிர்காலத்தில் நார்ஃபோக் போய்க் கறுப்புச் சாக்கில் தொடர்ச்சியாக வரைந்தார். வெள்ளத்தில் மூழ்கிய நிலத்தைக் காட்டும் ‘வோல்ட் அஃப்லோட்’ அந்த வரிசை. பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. முப்பது வருடம் பாடமும் செப்புத் தகடுமாகக் கழித்த பிறகும் கை தளரவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

காட்மன் கையெழுத்துள்ள படம் ஒன்று கிடைத்தது. அசலா?

கையெழுத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். மாணவர்கள் நூற்றுக்கணக்கில் நகல் எடுத்தார்கள். மகன்களில் மைல்ஸ் எட்மண்டும் ஜான் ஜோசப்பும் ஓவியர்கள். அப்பாவின் படங்களைப் பார்த்தே வளர்ந்தவர்கள். விலை ஏறிய பிறகு கையெழுத்தைச் சேர்த்தவர்களும் உண்டு.

முதலில் வாஷின் விளிம்பைப் பாருங்கள். காட்மனுடையது ஒரே தடவையில் போட்டது; நகலெடுத்தவர் தயங்கித் தயங்கிப் போன இடத்தில் இரட்டை விளிம்பு தெரியும். பிறகு பென்சில்: வண்ணத்துக்கு அடியில் உள்ள கோடு வடிவத்தைத் தேடிக்கொண்டு போகிறதா, ஏற்கெனவே இருந்த ஒன்றைப் பின்தொடர்கிறதா? பின்தொடர்ந்தால் நகல். தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து நீர்க்குறியைப் பாருங்கள். வாட்மன் என்ற ஆங்கிலத் தயாரிப்பாளரின் தாளில் ஆண்டும் இருக்கலாம். 1805 படம் என்று சொல்லி 1820 நீர்க்குறி இருந்தால் கதை முடிந்தது. மைல்ஸ் எட்மண்டின் கை சுத்தமாகவும் கொஞ்சம் வறட்சியாகவும் இருக்கும். ஜான் ஜோசப்பின் வண்ணம் முரட்டுத்தனமாகப் பளிச்சிடும்.

எட்சிங் வாங்குவதென்றால்?

நீர்வண்ணத்தோடு ஒப்பிட்டால் இது சாமானியருக்கு எட்டும். பழைய தகடுகளைப் பதிப்பாளர் ஹென்றி போன் 1838-இல் இரண்டு தொகுதியாக மறுபடி அச்சிட்டார். ஆகவே 1818 என்று விற்பதெல்லாம் 1818 அல்ல. முதல் அச்சில் மெல்லிய கோடுகளும் தெளிவாக இருக்கும், பிந்தியவற்றில் அவை தேய்ந்து நிழற்பகுதி சாம்பலாகும். பத்து மடங்கு லென்ஸில் புள்ளிகள் தெரிந்தால் அது பிற்கால அச்சக நகல். தகடு அழுந்திய பள்ளம் நான்கு பக்கமும் இருக்க வேண்டும்.

வாங்கியதும் பழைய அட்டையை மாற்றுங்கள். வெட்டிய ஓரம் பழுப்பேறியிருந்தால் அதில் அமிலம் இருக்கிறது, தாளுக்கும் ஏறும். செல்லோ டேப் வேண்டவே வேண்டாம். வெளிப்புறச் சுவரில் மாட்டினால் மழைக்காலத்தில் பூஞ்சைப் புள்ளி வரும்.

எங்கே போய்ப் பார்ப்பது?

நாரிச் கோட்டை மியூசியம் முதலிடம். கடுகு வியாபாரக் குடும்பத்து ரஸ்ஸல் கோல்மன் சேர்த்த படங்கள் 1946-இல் அங்கே வந்தன. பிரிட்டிஷ் மியூசியத்துக்கு 1902-இல் ஜேம்ஸ் ரீவ் தொகுப்பு வந்தது. லீட்ஸ் ஆர்ட் காலரியில் சிட்னி கிட்சன் சேகரித்த வரைபடங்கள். எங்கும் எல்லாம் சுவரில் இருக்காது. பிரிட்டிஷ் மியூசியத்தின் அச்சு, வரைபடப் பிரிவில் முன்பதிவு செய்துகொண்டால் கேட்ட தாளை மேசையில் வைப்பார்கள். இணையப் பட்டியலில் உள்ள பதிவு எண்ணைக் குறித்துக்கொண்டு போங்கள், பெயர் மட்டும் சொன்னால் நேரம் போகும். பேனா அனுமதியில்லை, பென்சில் மட்டும்.

கிரீட்டா பாலம் இன்னும் இருக்கிறதா?

இருக்கிறது. அன்று யார்க்‌ஷயர், 1974 எல்லை மாற்றத்துக்குப் பின் டர்ஹம் மாவட்டம். டார்லிங்டன் வரை ரயில், அங்கிருந்து பஸ்ஸில் பார்னார்ட் காசில், அதன்பின் டாக்சி அல்லது நடை. ஏ66 சாலைக்குச் சற்று உள்ளே பாலம். ரோக்பி மாளிகையும் பூங்காவும் தனியார் சொத்து. குறிப்பிட்ட நாட்களில் மட்டும் திறப்பார்கள், முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். கிரீட்டா ஆறும் டீஸ் ஆறும் கூடும் இடத்தை ஓவியர் டர்னரும் தீட்டியிருக்கிறார் என்பதால் அதையும் சேர்த்துக்கொள்ளலாம். காட்மன் பார்த்த கோணம் பாலத்தின் மேலிருந்து கிடைக்காது, ஆற்று மட்டத்துக்கு இறங்க வேண்டும். மழை பெய்தால் ஆறு வேகமாக ஏறும். ஆகவே இரண்டு மூன்று நாள் வெயிலடித்த பிறகு, ரப்பர் பூட்ஸோடு போங்கள்.